திரட்டும் தெரிவும்: ஒரு பியானோப் பாடகரின் 'சிறந்த பாடல்கள்' பற்றிய சமூகவியற் குறிப்பு

1

தமிழிலக்கிய வரலாறு பெரும்பாலும் தொகை நூல்களின் வரலாறாகவே தொடங்குகிறது. எட்டுத்தொகை என நாம் இன்று வழங்கும் நூல்களுட் பல, வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு புலவர் பாடிய தனிப்பாடல்களைப் பின்வந்தோர் தேர்ந்து, வகுத்து, நிரல்படுத்தியதன் பேறாகும். அவ்வாறு செய்தவரைத் தொகுத்தோர் என்றும், செய்வித்த அரசரைத் தொகுப்பித்தோர் என்றும் மரபு வேறுபடுத்திக் கூறும். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர். தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. தெரிவின் அளவுகோல்களுள் ஒன்று அடியளவு. 4 முதல் 8 அடி வரையிலான அகப்பாடல்கள் குறுந்தொகையிலும், 9 முதல் 12 வரையிலானவை நற்றிணையிலும், 13 முதல் 31 வரையிலானவை அகநானூற்றிலும் பெரும்பாலும் இடம்பெற்றன. பொருள் ஒன்றாயிருக்க, நீளமே பாடலின் இருப்பிடத்தைத் தீர்மானித்தது.

இவற்றிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. தொகுப்பு என்பது பாடல்களை இட்டுவைக்கும் வெறும் பெட்டி அன்று. தெரிபவர் ஒருவர், அத்தெரிவுக்குப் பொருளும் அதிகாரமும் வழங்குபவர் ஒருவர், தெரிவுக்குரிய அளவுகோல் ஒன்று என்னும் மூன்றும் கூடிய சமூகச் செயல் அது. பிற்காலத்தார் ஒரு காலத்தை எவ்வாறு நினைவுகூர்வர் என்பதை அச்செயலே பெரிதும் நிர்ணயிக்கிறது.

நமது காலத்தில் மக்களிடையே மிகப் பரந்து வழங்கும் தொகை எது என வினவின், அது புகழ்பெற்ற பாடகரொருவரின் 'சிறந்த பாடல்கள்' என்ற பெயரில் வெளிவரும் இசைத்திரட்டே எனல் வேண்டும். இசைத்தட்டாகவும், ஒலிநாடாவாகவும், இறுவட்டாகவும், இன்று இணையவழி நிரலாகவும் அது வடிவம் மாறி வந்துள்ளது. இலக்கிய ஆய்வாளர் இதனை ஆராய்ச்சிக்குரியதாகக் கருதுவது அரிது. ஆயினும் தொகை நூல்கள் பற்றி நாம் எழுப்பும் வினாக்களையே இதனை நோக்கியும் எழுப்பலாம். தொகுத்தவர் யார்? தொகுப்பித்தவர் யார்? அளவுகோல் யாது? அமெரிக்கப் பியானோப் பாடகரான பில்லி ஜோயலின் திரட்டுகளை இங்கு எடுத்துக்கொள்கிறோம். அவற்றுள் ஒன்றில் மீனவரைப் பற்றிய பாடலொன்று உளது. நமது கரையோரத்திலிருந்து அதுபற்றிச் சொல்வதற்குச் சில உள என்பதே இத்தெரிவுக்குக் காரணம்.

2

இத்தகைய திரட்டின் தொடக்கமாகப் பொதுவாகச் சுட்டப்படுவது, ஜொனி மத்திஸ் என்னும் பாடகரின் பாடல்களைத் திரட்டி 1958இல் வெளிவந்த இசைத்தட்டாகும். ஒன்பது ஆண்டுகளுக்கு மேலாக அது அமெரிக்க விற்பனைப் பட்டியலில் இடம்பெற்றது. 1974இல் மற்றொரு பியானோப் பாடகரான எல்ற்றன் ஜோனின் திரட்டு வெளிவந்து, அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் முதலிடம் பெற்றது. அமெரிக்க இசைத்தட்டுத் தொழிலகங்களின் சங்கம் 1976இல் 'பிளாற்றினம்' என்னும் விற்பனைச் சான்றிதழை ஏற்படுத்தியபோது, அதனை முதலிற் பெற்ற இசைத்தட்டும் 'ஈகிள்ஸ்' குழுவினரின் திரட்டே.

இவ்வெற்றியின் பொருளியல் அடிப்படை எளிதில் விளங்கக்கூடியது. புதிய இசைத்தட்டொன்றை உருவாக்கக் கலையகமும், வாத்தியக் கலைஞரும், ஒலிப்பதிவாளரும், பல மாத உழைப்பும் வேண்டும். அது விலைபோகுமா என்பதும் உறுதியன்று. திரட்டுக்கோ இவை வேண்டுவதில்லை. பாடல்கள் முன்னரே பதிவானவை. அவற்றின் செலவு பெரும்பாலும் மீண்டுவிட்டது. சந்தையும் அவற்றை முன்னரே சோதித்துவிட்டது. மார்க்ஸ் மூலதனத்தைத் திரண்ட கடந்தகால உழைப்பாக விளக்கினார். திரட்டு அவ்விளக்கத்துக்கு ஏற்ற உதாரணமாகும். நேற்றைய உழைப்பு இன்று மீண்டும் விற்பனைப் பண்டமாகிறது. தொகுப்பித்தவர் யார் என்ற வினாவுக்கும் இங்கேயே விடை கிடைக்கிறது. அன்று அரசன் இருந்த இடத்தில் இன்று ஒலிப்பதிவின் உடைமையாளரான நிறுவனம் இருக்கிறது. சேரனும் பாண்டியனும் புகழை வேண்டினர்; நிறுவனம் இலாபத்தை வேண்டுகிறது.

3

பில்லி ஜோயல் 1949இல் நியூயோர்க்கிற் பிறந்து, அந்நகரை அடுத்த லோங் தீவில் வளர்ந்தவர். அவரது முதல் இசைத்தட்டு 1971இல் வெளிவந்தது. வேகம் பிழைத்து, அவரது குரல் இயல்பினும் உயர்ந்து ஒலிக்குமாறு அது அச்சாயிற்று. அதன்பொருட்டுக் கைச்சாத்திட்ட ஒப்பந்தமோ பல ஆண்டுகள் அவரைத் தொடர்ந்தது. வேறு நிறுவனத்துக்கு மாறிய பின்னரும் அவரது வருவாயில் ஒரு பங்கு முதல் ஒப்பந்தக்காரருக்குச் சென்றது. இடையில் லொஸ் ஏஞ்சல்சிலுள்ள மதுச்சாலையொன்றில் வேறு பெயரிற் பியானோ வாசித்துப் பிழைத்தார். அவ்வனுபவத்தின் விளைவே 1973இல் வெளிவந்த 'பியானோ மான்'. மாலையில் மதுச்சாலைக்கு வரும் தனித்த மனிதரையும், அவருக்காக வாசிக்கும் கூலிக் கலைஞனையும் அப்பாடல் சித்திரிக்கிறது.

1985இல் கொலம்பியா நிறுவனம் அவரது பாடல்களை இரு தட்டுகள் கொண்ட திரட்டாக வெளியிட்டது. அது தொடங்குவது 'பியானோ மான்' பாடலுடன். முதல் இசைத்தட்டின் மூல ஒலிப்பதிவு எதுவும் அதில் இல்லை. ஒரு கலைஞனின் வரலாறு அவனது முதல் வெற்றியிலிருந்தே தொடங்குகிறது என்பது இந்நிரலின் உட்கிடை. அடைந்த தோல்வியும் ஏமாற்றமும் வரலாற்றிலிருந்து நீங்குகின்றன. இத்திரட்டு 2 கோடி 30 இலட்சம் அலகுகள் விற்றதாகச் சான்றளிக்கப்பட்டுள்ளது. இரு தட்டுகள் கொண்ட ஒரு தொகுதி இரண்டு அலகுகளாக எண்ணப்படுமாதலின், உண்மையில் விற்ற தொகுதிகள் இதிற் பாதியளவினவே. சந்தை தன் வெற்றியை அளக்கும் முறையும் ஒரு தொகுப்புக் கலையே போலும்.

அளவுகோல் பற்றிய வினா இன்னும் கூர்மையானது. 'பியானோ மான்' ஐந்தரை நிமிடங்களுக்கு மேல் நீள்வது. வானொலியின் பொருட்டு அது குறுக்கப்பட்டது. இதனால் எழுந்த கசப்பை ஜோயல் 1974இல் 'என்ரர்ரெயினர்' என்னும் பாடலில் எள்ளலாக வெளியிட்டார். வானொலிக்குப் பாடல் ஏறத்தாழ மூன்று நிமிடங்களுள் அடங்க வேண்டியதே அதில் வரும் முறைப்பாடு. 1985ஆம் ஆண்டுத் திரட்டில் அப்பாடலும் இடம்பெற்றது. அதே திரட்டில் 'ஜஸ்ற் த வே யூ ஆர்' முதலிய பாடல்கள் குறுக்கப்பட்ட வடிவிலேயே சேர்க்கப்பட்டன. வெட்டுதலைக் கண்டித்த பாடலும் வெட்டப்பட்ட பாடலும் ஒரே உறையுள் அமைந்தமை கவனத்துக்குரியது. குறுந்தொகையைத் தொகுத்தவர் எட்டடிக்கு மேற்பட்ட பாடலை வேறு தொகைக்கு விட்டனர்; அதனை எட்டடியாக வெட்டினர் என்று கொள்ள இடமில்லை. அங்கே நீளம் பாடலை வகைப்படுத்தியது. இங்கே பாடலின் உருவையே மாற்றியது.

1993இற்குப் பின்னர் ஜோயல் புதிய பாடல்கள் கொண்ட இசைத்தட்டு எதனையும் வெளியிடவில்லை. 2024இல் ஒரு தனிப்பாடல் வந்தது. ஆனால் 1997, 2001, 2004, 2005, 2010 ஆகிய ஆண்டுகளிலெல்லாம் அவரது பழைய பாடல்கள் வெவ்வேறு பெயர்களில் மீண்டும் திரட்டப்பட்டன. படைப்பு நின்ற இடத்திலும் பண்ட உற்பத்தி நிற்கவில்லை.

4

இதுவரை கூறியவற்றைக் கொண்டு இப்பாடல்கள் யாவும் வணிகக் குப்பை என்ற முடிவுக்கு வருவது வரட்டுச் சமூகவியலாகும். பண்டமாக விற்கப்படும் கலையுள்ளும் உண்மை உறைதல் கூடும். 1982இல் வெளிவந்த 'அலன்ரவுண்' பென்சில்வேனிய மாநிலத்து ஆலைகள் மூடப்படுவதையும், பெற்றோருக்குக் கிடைத்த வாழ்வு பிள்ளைகளுக்குக் கிட்டாமற் போவதையும் பாடுகிறது. அயல் நகரான பெத்லெகேமின் பேருருக்காலையில் உருக்கு உற்பத்தி 1995இல் நின்றே போயிற்று. அதே இசைத்தட்டிலுள்ள 'குட்நைற் சைகோன்' வியற்நாமுக்கு அனுப்பப்பட்ட இளைஞரின் அச்சத்தைப் பேசுகிறது. மூல இசைத்தட்டிலே இவ்விரு பாடல்களும் அமெரிக்க வாழ்வின் நெருக்கடி பற்றிய ஒரு முழுமையின் கூறுகளாய் நின்றன. 1985ஆம் ஆண்டுத் திரட்டில் 'குட்நைற் சைகோன்' முடிந்தவுடன் தொடர்வது துள்ளலான காதற் பாடலொன்று. சொல் ஒன்றேனும் மாறவில்லை, சூழல் மாறிற்று. நெருக்கடி பற்றிய பாடல், வெற்றிப் பாடல் ஒன்றாகியது. திரட்டு மௌனமாகச் செய்யும் மாற்றம் இதுவே.

1989இல் ஜோயல் பாடிய 'டவுன்ஈஸ்ரர் அலெக்சா' 1997ஆம் ஆண்டின் மூன்றாந் திரட்டில் இடம்பெற்றது. லோங் தீவின் மீனவனொருவன் அதில் பேசுகிறான். தந்தை செய்த கரையோரத் தொழிலால் இனி வாழ முடியாமல், கடன்பட்ட படகுடன் ஆழ்கடலை நாடிச் செல்கிறான். அங்குள்ள சிறு மீனவர் தலைமுறை தலைமுறையாகக் கரைவலை இழுத்தவர். ஒரு குறித்த மீனினத்தைக் கரைவலையாற் பிடிப்பதற்கு நியூயோர்க் மாநிலம் தடை விதித்தது. மீன்வளப் பாதுகாப்பும் பொழுதுபோக்குத் தூண்டிலாளரின் நலனும் ஒருபுறம் நிற்க, சிறு மீனவரின் வாழ்வு மறுபுறம் நின்றது. 1992 ஜூலையில் அமகான்செற் கடற்கரையில் அவர்கள் தடையை மீறி வலையிட்டபோது ஜோயலும் உடன்நின்று பொலிசாரின் நடவடிக்கைக்கு உள்ளானார். பாடகன் தன் பாடலின் மாந்தரோடு கரையில் நின்ற அந்நாள் திரட்டில் இல்லை, இருத்தற்கும் வழியில்லை. பாடல் மட்டும், தன் மாந்தரைப் பிரிந்து, உலகெங்கும் செல்கிறது.

5

இக்கட்டுரை எழுதப்படும் கரைத்தீவு புத்தளம் மாவட்டக் கரையோரத்தது. கடலும் களப்பும் இப்பகுதித் தமிழ் பேசும் மக்களின் தொழிற்களங்கள். கரைவலை என்ற சொல்லை இக்கரையினர்க்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அமகான்செற் மீனவருக்கும் இவர்களுக்குமிடையே மொழியாலும் தூரத்தாலும் பெரும் இடைவெளி இருப்பினும் உழைப்பின் வடிவம் ஒன்றே. ஆனால் அவ்வுழைப்பிலிருந்து எழுந்த பாடலின் வடிவம் வேறானது. ஈழத்துக் கடற்கரைகளில் வலை இழுப்போர் பாடிய அம்பாப் பாடல் ஒருவர் சொல்லப் பலர் ஏற்றுப் பாடுவது. பலரின் கைகளை ஒரே கணத்திற் கயிற்றில் இணைப்பது. உழைப்பின் தாளமே பாடலின் தாளம் என்று கார்ல் பியூக்கர் 1896இல் முன்வைத்த கருத்துக்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. ஜோயலின் மீனவன் தனியனாய்ப் பேசுகிறான். அம்பாவிலே கூட்டம் பாடுகிறது.

நமக்கும் 'சிறந்த பாடல்கள்' உள. போர்த்துக்கேயர் வருகையின் தொடர்பால் வளர்ந்த பைலா இசையும், மேனாட்டுப் பொப்பிசையும் கலந்து ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசை தோன்றியது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் அதனைப் பரப்பினர். 2018இற் சென்னையிற் காலமான மனோகரனின் பெயரோடு இணைந்த 'சுராங்கனி' மீன் கொண்டுவந்த செய்தியைச் சொல்லும் பாடல். 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' திரைப்படத்தில் இளையராஜாவின் இசையமைப்பிலும் அது ஒலித்தது. அப்பாடலில் மீன் உண்டு. மீன் பிடித்தவனின் உழைப்பு இல்லை. அதனை அங்கே தேடுவதும் பொருத்தமன்று; அது களிப்புக்கான பாடல். ஆனால் ஒரு கரையோரத்தின் நினைவாக அத்தகைய பாடல்கள் மட்டுமே எஞ்சுமாயின் அது குறைபாடே. புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியில் ஆபிரிக்க வழித்தோன்றல்களான சிறு சமூகத்தினர் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியிற் பாடிவரும் மாஞ்சாப் பாடல்களும் வணிகத் திரட்டினருக்கு வேண்டாதவையே.

அம்பாவின் நிலை இவற்றினும் இக்கட்டானது. அண்மை ஆண்டுகளிற் பல கரைகளில் உழவு இயந்திரத்தோடு பொருத்திய வின்ச் கரைவலையை இழுத்துவந்துள்ளது. உடல் வருத்தம் குறைவதை எவரும் வெறுக்க முடியாது. ஆயினும் பல கைகள் வேண்டாத இடத்தில் அக்கைகளை இணைத்த பாடலும் வேண்டப்படுவதில்லை. ஒலிப்பதிவாகாத பாடலுக்கு உடைமையாளர் இல்லை. உடைமையாளர் இல்லாததற்குத் தொகுப்பித்தவரும் இல்லை. எனவே அது பாடியவரோடு மறைகிறது.

திரட்டு என்ற வடிவத்தை நாம் நிராகரிக்கவில்லை. அத்தகைய வடிவம் இல்லையேல் நமக்குச் சங்க இலக்கியமும் எஞ்சியிராது. தொகுப்பித்தவரின் இடத்தைச் சந்தைக்கு மட்டும் விட்டுவிடலாகாது என்பதே நமது வாதம். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் அவ்விடத்தை ஏற்றல் வேண்டும். வலை இழுத்த முதியோர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்தம் பாடல்களை வெட்டாமல், பாடியவர் பெயரும், ஊரும், எத்தொழிலின் எக்கட்டத்திற் பாடப்பட்டது என்ற குறிப்பும் சேர்த்துப் பதிவுசெய்தல் வேண்டும். நற்றிணையைத் தொகுத்தவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் அவர் செய்த பணி நம்மிடம் உளது. கரைவலைப் பாடல்களைத் தொகுப்பவரின் பெயரும் நாளை மறக்கப்படலாம். பாடல்கள் எஞ்சினாற் போதுமானது.