தீர்மானம் போட்டாயிற்று, பிறகு?

மதுரை மாவட்டம் மேலூர் பக்கத்தில் அரிட்டாபட்டி. காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஏகனாபுரம். இரண்டு ஊர்க்காரர்களும் கிராமசபையில் கூடி, அரசு கொண்டுவந்த திட்டம் தங்களுக்கு வேண்டாம் என்று தீர்மானம் போட்டவர்கள். அரிட்டாபட்டிக்கு டங்ஸ்டன் சுரங்கம் வரவில்லை. ஏகனாபுரத்தின் வீடும் வயலும் ஏரியும் அடங்கிய பரந்தூர் விமான நிலையத் திட்டமோ அடுத்தடுத்த ஒப்புதல்களைப் பெற்று நகர்ந்துகொண்டே இருந்தது. ஒரே மாநிலம், ஒரே ஊராட்சிச் சட்டம். முடிவு மட்டும் ஏன் வேறாயிற்று?

விலைவாசி, வேலை, குடிநீர், நிலம், டாஸ்மாக் என்று அரசின் மேல் ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து உண்டு. டீக்கடையில் சொன்னால் அது பேச்சு. அதையே ஊர் கூடி எழுத்தில் சொல்ல அரசமைப்புச் சட்டம் கொடுத்திருக்கும் இடம் கிராமசபை. 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் 243-ஏ பிரிவு கிராமசபையை அங்கீகரித்தது. தமிழ்நாடு அடுத்த ஆண்டே தனது ஊராட்சிகள் சட்டத்தை இயற்றியது. ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அத்தனை பேரும் இதில் உறுப்பினர்கள். சட்டமன்றத்துக்குப் பிரதிநிதியை அனுப்புகிறோம். இங்கே நாமே உட்காரலாம்.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று ஆண்டுக்கு நான்கு முறை கூடிவந்த சபை, 2022 முதல் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினம் ஆகியவற்றையும் சேர்த்து ஆறு முறை கூடுகிறது. குறைவெண் வரம்பும் உண்டு. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர் வர வேண்டும். 3,000 வரை என்றால் 100, 10,000 வரை 200, அதற்கும் மேல் 300.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடப்பது என்ன? பேச வேண்டிய பொருள்களின் பட்டியல் சென்னையிலிருந்து வரும். கூட்டத்தைக் கவனிக்க ஒரு பற்றாளர் வருவார். ஊராட்சிச் செயலர் வரவு செலவு, டெங்கு தடுப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு என்று வரிசையாக வாசிப்பார். மக்கள் பேச வந்த விஷயம் பெரும்பாலும் பட்டியலின் கடைசியில், ‘இதர பொருள்கள்’ என்ற தலைப்பில்தான் இருக்கும். அந்த இடம் வருவதற்குள் பாதிப் பேர் கையெழுத்து போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். நூறு நாள் வேலைக் கூலி பாக்கியைப் பற்றி ஒரு பெண் எழுந்து கேட்டால், “மேலே சொல்லியிருக்கோம்மா” என்று பதில் வரும். அந்த ‘மேலே’ எங்கே இருக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியாது.

இந்தச் சடங்கையே அரிட்டாபட்டி வட்டாரம் ஆயுதமாக்கிக்கொண்டது. கனிமச் சட்டத்தில் 2023-ல் செய்த திருத்தம், டங்ஸ்டன் உள்ளிட்ட 24 முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்குக் கொடுத்திருந்தது. அதன்படி நாயக்கர்பட்டி தொகுதி என்ற பெயரில் சுமார் 2,015 ஹெக்டேர் ஏலம் போனது. 2024 நவம்பர் 7-ல் ஏலத்தில் வென்ற இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்தின் பெயர் வெளியானது. தமிழி கல்வெட்டும், சமணப் படுக்கைகளும், பாண்டியர் காலக் குடைவரையும் உள்ள ஊர் அரிட்டாபட்டி. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022-ல் மாநில அரசே அறிவித்த இடமும் அதுதான். தீபாவளியால் தள்ளிப்போன உள்ளாட்சி தினக் கிராமசபை அந்த ஆண்டு நவம்பர் 23-ல் கூடியபோது, மேலூர் வட்டார ஊராட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுரங்கத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டன.

அதோடு அவர்கள் வீட்டுக்குப் போய்விடவில்லை. டிசம்பர் 9-ல் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7-ல் ஆயிரக்கணக்கானோர் மதுரையை நோக்கி நடந்தார்கள். ஜனவரி 23-ல் ஒன்றிய சுரங்க அமைச்சகம் ஏலத்தை ரத்து செய்தது.

இந்த வெற்றியைக் கிராமசபைத் தீர்மானத்தின் வெற்றி என்று மட்டும் சொல்வது பாதிக் கதை. ஊரும் மாநில அரசும் ஒரே பக்கம் நின்றன. எதிர்ப்பக்கம் இருந்தது ஒன்றிய அரசு. சட்டமன்றத் தேர்தலுக்கு ஒன்றரை ஆண்டுகூட இல்லை. மதுரையில் பெயரைக் கெடுத்துக்கொள்ள எந்தக் கட்சிக்கும் மனம் இல்லை.

ஏகனாபுரத்தில் கணக்கு தலைகீழ். 2022 ஆகஸ்டில் சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குப் பரந்தூர் தேர்வானது. 13 கிராமங்களில் சுமார் 5,700 ஏக்கர். அன்றைய மதிப்பீடு 20,000 கோடி ரூபாய். இங்கே நிலம் எடுப்பது மாநில அரசு, அனுமதி கொடுப்பது ஒன்றிய அரசு. இரண்டும் ஒரு பக்கம், ஊர் தனியாக மறுபக்கம். அந்த ஆகஸ்ட் 15 தொடங்கி ஏகனாபுரம் கிராமசபை எதிர்ப்புத் தீர்மானங்களைத் திரும்பத் திரும்பப் போட்டது. மாலை வேளைப் போராட்டம் ஆயிரம் நாள்களைத் தாண்டியது. 2024 மக்களவைத் தேர்தலை ஊர் புறக்கணித்தது. 2025 ஏப்ரலில் ஒன்றிய அரசு கொள்கை அளவிலான ஒப்புதலை வழங்கிவிட்டது.

கட்சிகளின் நினைவாற்றலைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. 2020 அக்டோபர் 2-ல் கொரோனாவைக் காரணம் காட்டி அன்றைய அதிமுக அரசு கிராமசபைகளை ரத்து செய்தபோது, ஒன்றிய அரசின் வேளாண் சட்டங்களுக்கு எதிரான தீர்மானங்களைத் தடுக்கத்தான் இந்த ரத்து என்று திமுக கொதித்தது. மறு ஆண்டு ஆட்சிக்கு வந்த அதே திமுகவின் அரசுதான் ஏகனாபுரத்தின் தீர்மானங்களைக் கடந்துபோனது. எதிர்க்கட்சி வரிசையில் கிராமசபை எல்லாருக்கும் இனிக்கும்.

உண்மையான வேறுபாடு சட்டத்தில் இருக்கிறது. ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் எடுக்க வேதாந்தா நிறுவனம் திட்டமிட்டபோது, வன உரிமைச் சட்டத்தை வைத்து, கிராமசபைகளைக் கேட்டு முடிவெடுங்கள் என்று 2013 ஏப்ரல் 18-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எந்த ஊர்களைக் கேட்பது என்று மாநில அரசே 12 ஊர்களைத் தேர்ந்தெடுத்தது. மாவட்ட நீதிபதி முன்னிலையில் கூடிய மலைவாழ் மக்கள் 12 ஊரிலும் மறுத்தார்கள். 2014 ஜனவரியில் சுற்றுச்சூழல் அமைச்சகமும் அனுமதி மறுத்தது. அங்கே ஊரின் சொல்லுக்குப் பின்னால் ஒரு சட்டமும் ஒரு தீர்ப்பும் நின்றன.

தமிழ்நாட்டின் சமவெளி ஊர்களுக்கு அந்தக் கவசம் இல்லை. 2013 நிலம் கையகப்படுத்தும் சட்டம், தனியார் திட்டம் என்றால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 விழுக்காட்டினரின் ஒப்புதலையும், அரசும் தனியாரும் கூட்டு என்றால் 70 விழுக்காட்டையும் கேட்கிறது. அரசே தனக்காக எடுத்தால் ஒப்புதல் தேவையில்லை. பரந்தூருக்கு எடுத்துக்கொண்ட 1997-ஆம் ஆண்டின் மாநிலத் தொழில் நிலச் சட்டத்திலும் ஊரின் சம்மதத்துக்கு இடமில்லை.

மீனம்பாக்கம் விமான நிலையம் நிரம்பி வழிகிறது என்று அரசு சொல்வதில் பொய் இல்லை. ஒரு ஊர் வேண்டாம் என்றால் எந்தத் திட்டமும் வரக்கூடாது என்று வாதிடவும் முடியாது. ஆனால் ஊர் கூடி எழுதிய தீர்மானத்துக்கு, ‘இந்தக் காரணத்தால் ஏற்கவில்லை’ என்று அரசு எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும் என்ற விதியாவது இருக்க வேண்டாமா? ஊராட்சிகள் சட்டத்தில் ஒரு திருத்தம் போதும். காலக்கெடுவோடு பதில். அதற்குக் காசு செலவில்லை. எந்தக் கட்சியின் தேர்தல் அறிக்கைக்கும் அது கனமான வாக்குறுதியும் அல்ல.

இப்போதைக்கு நிலைமை பின்னோக்கித்தான் போயிருக்கிறது. பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல், மேலூர் மக்கள் மதுரைக்கு நடந்ததற்கு இரண்டு நாள் முன்பு, முடிந்தது. உரிய காலத்தில் தேர்தல் நடக்கவில்லை. வட்டார வளர்ச்சி அலுவலர்கள் தனி அலுவலர்கள் ஆனார்கள். அரசைக் கேள்வி கேட்கும் கூட்டத்தை அரசு அலுவலரே நடத்தும் விநோதம்.

ஆகவே கிராமசபைக்குப் போகிறவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். கேட்க நினைப்பதை முன்கூட்டியே எழுதி, கூட்டத்துக்குச் சில நாள் முன்பே ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து, பெற்றதற்குக் கையெழுத்து வாங்குங்கள். பேசியது தீர்மான நோட்டில் ஏறிய பிறகே அடியில் கையெழுத்து போடுங்கள். வெற்றுப் பக்கம் என்றால் போடாதீர்கள். நகல் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பிக்கலாம். 30 நாளுக்குள் அவர்கள் பதில் தந்தாக வேண்டும்.