மறுத்தால் நல்லது

ஆண்டிபட்டியில் வீட்டுக்குள் உட்கார்ந்தபடி, மும்பையில் வாடகைக்கு எடுத்த மெய்நிகர் கணினிக்குள் ஒருவர் நுழையப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணினிக்குத் தனி உடம்பு கிடையாது. ஒரு பெரிய சர்வரின் செயலியையும் நினைவகத்தையும் மென்பொருள் கூறுபோட்டுத் தந்த பங்கு அது. திரையோ விசைப்பலகையோ இல்லாததால், உள்ளே போக வழக்கமான வழி எஸ்எஸ்எச்தான். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொல் திருட்டு நடந்ததைப் பார்த்து, 1995-ல் டாட்டு யூலோனென் எழுதிய மென்பொருள் அது.

கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும். நேர்க்கோட்டில் மும்பை ஏறத்தாழ 1,100 கி.மீ.; போய்த் திரும்ப 11 மில்லிவினாடி போதும். கேபிள் சுற்றிப் போவதால் நிஜத்தில் கூடுதலாகும். அப்படியும் கண் இமைக்கும் நேரம்தான்.

ஆனால் இன்று திரை அசையவில்லை. ஒன்றிரண்டு நிமிடம் கழித்து, ‘நேரம் கடந்துவிட்டது’ என்கிறது. இதைவிட ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்று வந்திருந்தால் நான் மகிழ்வேன். வீட்டுக்குள்ளிருந்து ‘இங்கே யாரும் இல்லை’ என்று குரல் கேட்டால் ஆள் இருப்பது தெரிந்துபோகும் அல்லவா? மறுப்பும் அப்படித்தான். பாதை திறந்திருக்கிறது, கணினி விழித்திருக்கிறது. 22-ஆம் எண் போர்ட் என்ற வாசலில் எஸ்எஸ்எச் சேவை மட்டும் ஓடவில்லை என்று பெரும்பாலும் அர்த்தம். மௌனம் அப்படி எதையும் சொல்லாது. கணினி அணைந்திருக்கலாம், முகவரி தவறாக இருக்கலாம், ஃபயர்வால் எனும் காவல் ஏற்பாடு தரவுப் பொட்டலத்தைச் சத்தமில்லாமல் விழுங்கியிருக்கலாம். விழுங்குவது வேண்டுமென்றே செய்யும் ஏற்பாடு. துழாவிப் பார்க்கும் திருடனுக்குத் துப்புக் கிடைக்கக் கூடாது.

‘நேற்று இரவு நன்றாகத்தானே இருந்தது’ என்பவர்கள், முதலில் தங்கள் முகவரியைப் பார்ப்பது நல்லது. ஃபயர்வாலில் நேற்றைய ஐபி முகவரியை மட்டும் அனுமதித்திருப்பார்கள். ரூட்டரை அணைத்துப் போட்டாலோ, செல்போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினாலோ ஐபி மாறிவிடக்கூடும். மும்பையில் எதுவும் கெடவில்லை. ஆண்டிபட்டியில்தான் ஆள் மாறிவிட்டார்.

‘அனுமதி இல்லை’ என்று வந்தால் வாசல்வரை போயாயிற்று. உபுண்டு கணினிக்கு அமேசான் லினக்ஸின் பயனர்பெயரைக் கொடுத்திருப்பார்கள், அல்லது கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பயன்படும் சாவிக் கோப்பை மாற்றிக் கொடுத்திருப்பார்கள். அந்தரங்கச் சாவி ஒருபோதும் கம்பியில் பயணிப்பதில்லை என்பது எனக்கு இன்னும் வியப்புதான். அதைக் கொண்டு இங்கே போட்ட கணிதக் கையொப்பம் மட்டும் போகிறது. அங்கிருக்கும் பொதுச்சாவி அதைச் சரிபார்க்கிறது.

உள்ளேயிருந்தே ஃபயர்வாலைத் தவறாக மாற்றித் தன்னைத்தானே பூட்டிக்கொள்பவர்களும் உண்டு. அவர்களுக்குச் சீரியல் கன்சோல் இருக்கிறது. உடம்பில்லாத கணினிக்குப் பழங்காலச் சீரியல் போர்ட் ஒன்றை மென்பொருள் பாவனையாகச் செய்து கொடுக்கும். அங்கே பெரும்பாலும் கடவுச்சொல் கேட்கும். பலர் அதை வைத்திருக்கவே மாட்டார்கள். பிறகு வட்டைக் கழற்றி வேறொரு மெய்நிகர் கணினியில் மாட்டி, தவறான வரியைத் திருத்தி, திரும்ப மாட்ட வேண்டியதுதான். கழற்றுவதற்கும் மாட்டுவதற்கும் மும்பையில் யாரும் எழுந்து நடப்பதில்லை.