கப்பலுக்கு அனுமதி கொடுப்பது யார்? கடலின் தரவு யாரிடம்?

வெளிநாட்டு ஆய்வுக் கப்பல் ஒன்று வருகிறது என்றால் கொழும்பிலும் டில்லியிலும் பரபரப்புத்தான். 2022 ஓகஸ்ட்டில் யுவான் வாங் 5 அம்பாந்தோட்டைக்கும், 2023 ஒக்டோபரில் ஷி யான் 6 கொழும்புக்கும் வந்தபோது இதைப் பார்த்தோம். பின்னர் 2024 ஜனவரியிலிருந்து ஓராண்டுக்கு எந்த வெளிநாட்டு ஆய்வுக் கப்பலுக்கும் அனுமதியில்லை என்று அரசாங்கம் அறிவித்தது. செய்திகளில் இது முழுக்க இந்திய - சீனப் போட்டியாகவே வந்தது. ஆனால் வடக்கின் கரையோரக் கிராமங்களுக்குப் போனால் என்னிடம் கேட்கப்படுவது வேறு கேள்வி. அந்தக் கப்பல்கள் என்னத்தைப் பார்க்கின்றன, பார்த்ததை யாரிடம் கொடுக்கின்றன என்பதே அது.

சட்டம் இதற்குத் தெளிவான பதில் வைத்திருக்கிறது. ஐக்கிய நாடுகள் கடற்சட்டச் சமவாயத்தை இலங்கை 1994இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன்படி எங்கள் பிரத்தியேக பொருளாதார வலயத்தில் யாரும் ஆய்வு செய்ய முதலில் இலங்கையின் சம்மதம் வேண்டும். ஆறு மாதங்களுக்கு முன்பே விபரம் தரவேண்டும். அதைவிட முக்கியமானது 249ஆம் உறுப்புரை. எங்கள் விஞ்ஞானிகள் அந்தக் கப்பலில் பங்குபற்றலாம், தரவுகளையும் மாதிரிகளையும் பெறலாம் என்கிறது அது. அதாவது அனுமதி என்பது வெறும் ஆம், இல்லை அல்ல. வருகிற தரவை வாங்கி, பத்திரப்படுத்தி, பயன்படுத்த ஓர் இடம் வேண்டும்.

அந்த இடம் எது? 1981ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நாரா நிறுவனம்தான் கடல் ஆராய்ச்சிக்குப் பொறுப்பு. ஆனால் கப்பலுக்கான அனுமதி வெளிவிவகார அமைச்சின் ஊடாகப் போகிறது. பாதுகாப்பு அமைச்சும் கடற்படையும் சொல்வதற்கு அங்கே கனதி அதிகம். கடல் மாசடைந்தால் கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகாரசபை. கரைக்குக் கரையோரம் பேணல் திணைக்களம், பண்ணைக்கு நக்டா, மீன்பிடி அனுமதிக்குக் கடற்றொழில் திணைக்களம், கடலாமைக்கும் கடற்பசுவுக்கும் வனஜீவராசிகள் திணைக்களம். கடல் ஒன்றுதான், அதைப் பங்குபோட்டிருக்கும் கந்தோர்கள்தான் பல.

இந்தப் பங்கீட்டின் விலை என்ன என்பதற்கு மீன்வளக் கணக்கெடுப்பே சாட்சி. நோர்வேயின் டொக்டர் பிரிட்ஜோவ் நான்சன் ஆய்வுக் கப்பல் 1978 - 1980 காலத்தில் இலங்கைக் கடலில் மீன்வளத்தை அளந்தது. அடுத்த முறை அதே பெயரிலான கப்பல் வந்து அளந்தது 2018இல். இடையில் ஏறத்தாழ நாற்பது வருடங்கள். அதில் பெரும்பகுதி போர். அந்த இரண்டாவது கணக்கெடுப்பிலும் எங்கள் பாக்கு நீரிணைக்குப் பெரிய பங்கு இருக்க முடியாது. ஆழம் பெரும்பாலும் 15 மீற்றருக்கும் குறைவான கடலில் அப்படியான கப்பல் வேலை செய்யாது. ஆழமற்ற கடலைச் சிறு படகுகளில் போய், வருடம் முழுக்க, உள்ளூர் ஆட்களோடு அளக்க வேண்டும். இராஜதந்திரப் பரபரப்பு இல்லாத வேலை என்பதால் அது யாருடைய அவசரப் பட்டியலிலும் இல்லை என்பது என் கணிப்பு.

அளவு இல்லாவிட்டால் இழப்பையும் நிரூபிக்க முடியாது. எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் 2021இல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கியது. சேதத்தை மதிப்பிடப் பல நிறுவனங்களின் விஞ்ஞானிகளை ஒரே நிபுணர் குழுவாகச் சேர்க்க வேண்டியிருந்தது. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீட்டுக்கு உத்தரவிட்டது. இதற்குச் சில வாரங்கள் முன்னர், கேரளாவுக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 மூழ்கியதன் பின், மன்னார்க் கரையிலும் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கின. நாளைக்கு ஒரு கப்பல் மன்னாருக்கு நேரே மூழ்கினால், அதற்கு முந்தைய நாள் அங்கே எவ்வளவு நண்டும் இறாலும் இருந்தன என்று எந்த ஏட்டைக் காட்டப் போகிறோம்?

இந்திய இழுவைமடிப் படகுகள் கடலடியை வழிக்கும் பிரச்சினையிலும் இதே கதைதான். எங்கள் கடற்றொழிலாளர் அறுந்த வலையைக் காட்டலாம். அழிந்த கடற்தாவரப் படுகையைக் காட்ட, அது முன்பு எப்படி இருந்தது என்ற பதிவு வேண்டும். கடலட்டைப் பண்ணைகளால் இறால் வரத்துக் குறைகிறது என்று கிளிநொச்சி, யாழ்ப்பாணக் கரையில் சொல்பவர்களுக்கும் இல்லையென்று மறுப்பவர்களுக்கும் இடையில் தீர்ப்புச் சொல்ல வேண்டியதும் அதே பதிவுதான்.

அரசால் ஒருங்கிணைந்து வேலை செய்யவே முடியாது என்று யாரும் சொல்லக்கூடாது. கடலடிப் படிவுகளின் தடிப்பை அளந்த தரவுகளோடு, விரிவாக்கப்பட்ட கண்டமேடைக்கான உரிமைக் கோரிக்கையை இலங்கை ஐ.நா.வில் சமர்ப்பித்தது. காலக்கெடுவுக்கு ஐந்து நாள் முன்பாகவே சமர்ப்பித்தது. திகதி 2009 மே 8. அந்த நாளில் முள்ளிவாய்க்கால் கரையில் எங்கள் சனம் எந்த நிலையில் இருந்தது என்று இதை வாசிப்பவர்களுக்கு நான் எழுதத் தேவையில்லை.

இப்போதைக்குக் கையில் உள்ள வழி ஒன்று உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் நாராவிடமும் நக்டாவிடமும் எழுத்தில் கேட்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவுசெய்ய வேண்டும். தங்கள் கடலில் எந்த ஆண்டு, எந்த இடத்தில், என்ன ஆய்வு நடந்தது, அறிக்கை எங்கே என்ற நான்கு கேள்விகளைக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களே தங்கள் கடிதத்தலைப்பில், தமிழில் அனுப்பலாம்.