உங்களுக்குத் தெரியுமா? – ‘பல்லவி’ பட்டம்மாள்

கர்நாடக இசைப் பாடகி டி.கே.பட்டம்மாள் பெயரில் இருக்கும் ‘டி’, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்து ஊரான தாமல். 1919-ல் பிறந்தவர். அவருடைய அம்மாவுக்கும் நல்ல குரல். ஆனால், உறவுக்காரர்கள் முன்னால்கூட அவரைப் பாட விடவில்லை. மகள் மேடையேறிப் பாடினார். பிராமணக் குடும்பத்துப் பெண் கச்சேரி செய்வதே அன்று பெரிய விஷயம்.

‘பல்லவி பட்டம்மாள்’ என்ற பெயர் சும்மா வந்ததில்லை. ராகம் தானம் பல்லவி, ஆண் வித்வான்களின் ராஜ்யம் என்றிருந்த காலம் அது. பல்லவிக்குச் சாகித்யம் ஒரே ஒரு வரிதான். கை தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். அதன் நடை மாறாது. வரியை மட்டும் கீழ்க்காலம், மேல்காலம், திஸ்ரம் என்று மாற்றிப் பாடிவிட்டு, இம்மி பிசகாமல் எடுப்புக்கு, அதாவது வரி தொடங்கும் இடத்துக்கு, வந்து சேர வேண்டும். கடம், கஞ்சிரா, கொன்னக்கோல் என ‘ஃபுல் பெஞ்ச்’ வைத்துப் பாடிய காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையைக் கேட்டுக் கேட்டுத்தான் பல்லவி பாடும் தைரியம் பட்டம்மாளுக்கு வந்தது. முறையான குருகுலவாசம் எதுவும் அவருக்கு வாய்க்கவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்புதான்.

முத்துசுவாமி தீட்சிதர் பரம்பரையில் வந்த அம்பி தீட்சிதரிடமும், நீதிபதி டி.எல்.வெங்கடராம ஐயரிடமும் கிருதிகளைப் பாடம் செய்தார். தீட்சிதர் கிருதியை அவர் பாடும்போது எந்தச் சொல்லும் உடையாது, அவசரப்படாது. ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

சினிமாவிலும் பாடியிருக்கிறார்: ‘தியாகபூமி’ (1939), ‘நாம் இருவர்’ (1947). தேசபக்தி, தெய்வபக்தி இரண்டு மட்டும்தான். காதல் பாட்டுக்குச் சம்மதிக்கவே இல்லை.

1970-ல் சங்கீத கலாநிதி ஆனார். அவரிடமே பாடம் கேட்டு, அவரோடு மேடைகளில் சேர்ந்து பாடிய தம்பி டி.கே.ஜெயராமனுக்கு அதே விருது 1990-ல் வந்தது. ஒரே வீட்டில் அக்கா குரு, தம்பி சிஷ்யன், இருவரும் கலாநிதிகள்! அந்தத் தம்பியின் மாணவர்கள்தான் விஜய் சிவாவும் ஆர்.கே.ஸ்ரீராம்குமாரும்.

பெண்களுக்கு மிருதங்கம் வாசிப்பதில்லை என்றிருந்த பாலக்காடு மணி ஐயர், பட்டம்மாளுக்காக அந்த வழக்கத்தை மாற்றிக்கொண்டார். பிறகு மணி ஐயரின் மகள் லலிதா, பட்டம்மாளின் மருமகளானார். மாமியாரிடமே பாட்டும் கற்றார். லலிதாவின் மகள் நித்யஸ்ரீ மகாதேவன். பாட்டும் தாளமும் அவருக்கு இரண்டு பக்கத்துப் பாட்டன் பாட்டி சொத்து.