பெயரும் பொருளும்: ஜாவாச் சேவையகத்திற் பிழை காணும் முறை

உலகத்துப் பொருள் ஒவ்வொன்றும் பெயரான் அறியப்படும். பெயர் பிழைப்பின், பொருள் எதிரேயிருப்பினும் கைக்கு எட்டாது. இவ்வுண்மை மக்கள் வழக்கிற் போலவே கணிப்பொறியின்கண்ணும் செல்லும். ஜாவா மொழியில் ஆக்கப்பட்ட செயலிகளைத் தாங்கி நடத்தும் அப்ளிகேஷன் சர்வர், அஃதாவது பயன்பாட்டுச் சேவையகம், பெயர்வழிப் பொருள் தேடுந் தொழிலிற் பிழைபடுவது எங்ஙனம், அப்பிழையை முறையாக ஆய்ந்து களைவது எங்ஙனம் என்பவற்றை ஈண்டு ஒருசிறிது விளக்கப் புகுகின்றோம். கணிப்பொறி பயிலும் மாணவர்க்கு இது கைத்துணையாகவும், ஏனையோர்க்கு ஆய்வுநெறிக்கு ஓர் எடுத்துக்காட்டாகவும் உதவும் என நம்புகின்றோம்.

முதற்கண் யாம் கண்ட நிகழ்ச்சி ஒன்றைக் கூறுவோம். ஒரு நிலையத்தில் மாணவர்தம் தேர்வு விண்ணப்பங்களை ஏற்கும் செயலி ஒன்று இயங்கி வந்தது. விண்ணப்பத்திற்குரிய இறுதி நாட் காலையிற் பக்கங்கள் திறந்தன. ஆயின் தம் விவரம் வேண்டிப் பொத்தானை அழுத்திய ஒவ்வொருவர்க்கும் பிழைச்செய்தியே விடையாயிற்று. அலுவலக வாயிலில் மாணவர் கூட்டம் பெருகிற்று. முந்திய நாள் மாலை தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை மாற்றியவர் புதிதாகப் பணியேற்ற இளைஞர் ஒருவர். ஆகலின் அனைவரும் அவரையே நோக்கினர். ‘மாற்றியபின் சோதித்தும் பார்த்தேன், ஐயா’ என்று அவர் பலகாற் கூறியும் கேட்பாரில்லை. யாமும் அவர்மீதே ஐயங்கொண்டோம் என்பதை மறைத்தலாகாது. அவ்வையம் தக்கதோ அன்றோ என்பதைப் பின்னர்க் காண்போம்; அதன்முன் சேவையகத்தின் இயல்பை அறிதல் வேண்டும்.

ஜாவாவை ஆக்கியது ஸன் மைக்ரோஸிஸ்டம்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம். அது 2010-ஆம் ஆண்டில் ஆரக்கிள் நிறுவனத்தின் உடைமையாயிற்று. பேரலுவல்களுக்குரிய ஜாவா விதித்தொகுதி 1999-இல் வெளிவந்தது. இன்று அது ஜகார்த்தா இ.இ. என்னும் பெயருடன் எக்லிப்ஸ் அமைப்பின் பொறுப்பில் வளர்கின்றது. வைல்ட்ஃபிளை, கிளாஸ்ஃபிஷ் முதலியன அவ்விதிகளைத் தழுவிய சேவையகங்கள். டாம்கேட் என்பது அவற்றுள் ஒருபகுதியை மட்டும் மேற்கொள்வது.

செயலியை எழுதுவோர் தரவுத்தளத்தின் முகவரியையும் கடவுச்சொல்லையும் தம் நிரலுள்ளேயே எழுதிவைப்பின், இடம் மாறுந்தோறும் நிரலைத் திருத்த நேரும். இத்துன்பத்தை நீக்கவே, நிர்வாகி அவ்விவரங்களைச் சேவையகத்தின் அமைவுக் கோப்பில் எழுதி, அத்தொகுதிக்கு ஒரு பெயர் இடுகின்றார். செயலியோ அப்பெயரை மட்டும் சொல்லிப் பொருளைக் கேட்கின்றது. பெயரையும் பொருளையும் இணைத்தல் பிணைத்தல் எனப்படும். பெயர் சொல்லிப் பொருளைப் பெறுதல் தேடல் எனப்படும். இவ்விரண்டற்கும் உரிய கருவித்தொகுதியே ஜே.என்.டி.ஐ. என்பது.

இனி, ஒரு பெயர் எல்லாவிடத்தும் ஒரே பொருளைச் சுட்டுமோ எனின், சுட்டாது. ஒரு வீட்டில் ‘தம்பி’ என்றழைப்பின் ஒருவன் வருவான். அடுத்த வீட்டில் அழைப்பின் வேறொருவன் வருவான். தெருவில் நின்று அழைப்பின் யாரும் வாரார், அன்றிப் பலரும் திரும்பிப் பார்ப்பர். அதுபோலவே சேவையகத்தினுள்ளும் பெயர்களுக்கு எல்லைகள் உள. ‘ஜாவா: காம்ப்’ என்று தொடங்கும் பெயர் ஓர் உறுப்பின் அகத்தே மட்டும் வழங்குவது. ‘மாட்யூல்’ என்பது ஒரு கூற்றுக்கும், ‘ஆப்’ என்பது ஒரு செயலி முழுமைக்கும், ‘குளோபல்’ என்பது சேவையகம் முழுமைக்கும் உரியன. பின்னைய மூன்றும் 2009-இல் வெளிவந்த ஆறாம் பதிப்பில் விதிக்கப்பட்டவை. அதன்முன் ஒவ்வொரு சேவையகமும் தனக்குத் தோன்றியவாறே பெயரிட்டு வந்தமையின், ஒன்றில் இயங்கிய செயலி மற்றொன்றில் இடர்ப்பட்டது. இன்றும் பழஞ்செயலிகளிற் காணும் பிழைகள் பல இதன் எச்சங்களே.

பிழை நேர்ந்தவிடத்து முதற்கடமை, சேவையகத்தின் பதிவேட்டைத் தொடக்கத்திலிருந்து படித்தல். ஒரு பிழை நூறு பிழைகளை ஈனும்; இறுதியிற் கண்ணிற்படுவது பெரும்பாலும் பேரப்பிள்ளையே. முதலில் தோன்றிய செய்தியையும், ஒவ்வொரு செய்தியின் அடியிலும் ‘இதன் காரணம்’ என்று தொடரும் வரிகளுள் கடைசியானதையும் நோக்குதல் வேண்டும்.

இரண்டாவது, பிழையின் இனத்தைத் தெளிதல். இது மருத்துவர் நாடி பார்ப்பது போன்றது. இனங்களுள் தலையாயவை ஐந்து.

ஒன்று, ‘நோ இனிஷியல் கான்டெக்ஸ்ட்’ என்பது. தேடுவதற்கு உரிய அவையே இல்லை என்பது இதன் பொருள். செயலியைச் சேவையகத்திற்குப் புறத்தே தனித்து இயக்குவோர்க்கும், சோதனை எழுதுவோர்க்கும் இது மிகுதியும் நேரும். பெயர்த்தொண்டு செய்யும் தொழிற்சாலை எது என்பதை அவர்கள் தாமே குறித்தல் வேண்டும்.

இரண்டு, ‘நேம் நாட் ஃபவுண்ட்’ என்பது. அவை உண்டு, ஆண்டு அப்பெயர் இல்லை.

மூன்று, ‘கம்யூனிகேஷன்’ பிழை. தொலைவிலுள்ள சேவையகத்தை அணுக இயலவில்லை என்பது. வைல்ட்ஃபிளை இயல்பாகத் தான் இருக்கும் பொறியின் 127.0.0.1 என்னும் உள்முகவரியில் மட்டுமே செவிசாய்ப்பது. அதனை மாற்றாது வேறு பொறியிலிருந்து அழைப்பின் விடை வாராது.

நான்கு, ‘கிளாஸ் காஸ்ட்’ பிழை. பொருள் கிடைத்தது, ஆயின் அதன் வகை எதிர்பார்த்ததன்று. ஒரே நூலகக் கோப்பு சேவையகத்தினும் செயலியினும் இருமுறை இருப்பின், பெயரால் ஒன்றாகிய வகை இரண்டாகப் பிரிந்து இவ்விடர் தரும். ஒரு படியை நீக்குதலே மருந்து.

ஐந்து, பெயரும் கிடைத்து வகையும் பொருந்தியபின், தரவுத்தளம் இணைப்பை மறுத்தல். கடவுச்சொல், முகவரி ஆகியவற்றின் குற்றம் பெரும்பாலும் இவ்விடத்தேதான் வெளிப்படும்.

இவ்வேறுபாட்டை உணர்ந்தபின் எம் நிகழ்ச்சிக்கு மீள்வோம். பதிவேட்டை அமைதியாகப் படித்தபோது அதிற் கண்டது இரண்டாம் இனம். பெயர் காணப்படவில்லை என்பது. கடவுச்சொல் பிழைத்திருப்பின் பெயர் கிடைத்து, இணைப்பன்றோ மறுக்கப்பட்டிருக்கும்? ஆகவே, அவ்விளைஞர் மாற்றிய கடவுச்சொல் இப்பிழைக்குக் காரணமாதல் இயலாது. பத்துப்பேர் வாய்மொழியினும் அவ்வொரு வரி வலிய சான்றாயிற்று.

மூன்றாவது, பிணைக்கப்பட்ட பெயர்களின் பட்டியலைக் கேட்டல். ஏறத்தாழ எல்லாச் சேவையகங்களும் இதற்கு வழிவைத்துள்ளன; வைல்ட்ஃபிளையின் கட்டளை வாயிலில் ‘ஜே.என்.டி.ஐ. வியூ’ என்னும் கட்டளை இதனைத் தருவது. பெயர் பட்டியலில் இருப்பின், செயலி கேட்கும் எழுத்தோடு ஒவ்வோரெழுத்தாக ஒப்பிடுக. ஆங்கிலத்தின் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஈண்டு வெவ்வேறே. எல்லை மாறியுள்ளதோ எனவும் காண்க. டாம்கேட்டிற் பொதுவிடத்து வைத்த பொருள் தானே செயலிக்குப் புலனாகாது. ‘ரிசோர்ஸ் லிங்க்’ என்னும் இணைப்பை எழுதுதல் வேண்டும். வைல்ட்ஃபிளையிலோ, ‘எக்ஸ்போர்ட்டட்’ என்னும் பகுதியில் உள்ள பெயர்களே புறத்தார்க்குப் புலனாவன.

பெயர் பட்டியலிலேயே இல்லையாயின், அது பிணைக்கப்படாமைக்குக் காரணம் தேடுக. தரவுத்தளத்திற்குரிய டிரைவர் ஏற்றப்படாவிடின், அதனைச் சார்ந்த தரவுமூலமும் எழாது. தரவுமூலம் எழாவிடின் அதனைச் சார்ந்த செயலியும் எழாது. திருத்திய கோப்பும் சேவையகம் படித்த கோப்பும் ஒன்றுதானோ எனவும் காண்க. சேவையகம் இயங்கும்போதே அமைவுக் கோப்பைக் கையால் திருத்துவோர், பின்னர் நிர்வாகக் கட்டளை ஒன்றால் அது மேலெழுதப்படக் கண்டு திகைப்பதும் உண்டு.

எம் நிகழ்ச்சியிற் பெயர் பட்டியலில் இல்லை, கோப்பிலோ இருந்தது. இம்முரண் எம்மை ஒருமணி நேரம் அலைக்கழித்தது. இறுதியிற் பதிவேட்டின் முதல் வரிக்கே சென்றோம். நள்ளிரவில் மின்சாரம் தடைப்பட்டு மீண்டபோது சேவையகம் தானே எழுந்திருந்தது. எழுந்தது வேறோர் அமைவுக் கோப்பைக் கொண்டு. திங்கள் சில முன்னர்ச் சேவையகத்தைக் கையால் இயக்கியபோது இரண்டாங் கோப்பைச் சுட்டிவிட்டு, அதனைத் தொடக்கக் கட்டளையில் எழுதாது விட்டவர் ஒருவர் உளர். அவர் வேறு யாருமல்லர்; யாமே. தொடக்கக் கட்டளையில் ஒரு சொல்லைத் திருத்தினோம். நண்பகலுக்குள் செயலி செவ்வனே இயங்கிற்று. நிலையத்தாரும் விண்ணப்ப நாளை ஒருநாள் நீட்டினர். அவ்விளைஞரிடம் அனைவர் முன்னிலையிலும் பொறுத்தருள வேண்டினோம்.

இன்னும் இரண்டு குறிப்புகள் உரைத்தல் தகும். செயலி தானே தோற்றுவித்த இழைகளிற் ‘காம்ப்’ என்னும் எல்லை புலனாகாமற் போவதுண்டு. 2013-இல் வந்த ஏழாம் பதிப்பு தரும் நிர்வகிக்கப்பட்ட இழைகளைக் கொள்ளின் அக்குறை நீங்கும். மற்று, 2020-இல் வெளிவந்த ஜகார்த்தா ஒன்பதாம் பதிப்பில் ‘ஜாவாக்ஸ்’ என்று தொடங்கிய தொகுதிப் பெயர்கள் பல ‘ஜகார்த்தா’ என மாறின. ஆயின் பெயர்த்தேடலுக்குரிய தொகுதி ஜாவாவின் அடிப்படையைச் சேர்ந்ததாகலின் பழம்பெயரோடே நிற்கின்றது. ஆராயாது யாவற்றையும் ஒருங்கே மாற்றுவோர் புதுப்பிழையை விலைக்கு வாங்குவர்.

பெயர்த்தேடல் சிறு செய்தியன்று என்பதை உலகம் 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் உணர்ந்தது. லாக்4ஜே என்னும் பதிவேடு எழுதும் நூலகம், தான் எழுதும் செய்தியிற் குறித்த வடிவிலமைந்த தேடற்சொல் காணின், அதனை ஜே.என்.டி.ஐ. வழியே தேடும் இயல்புடையதாயிருந்தது. ஆகவே, அயலான் ஒருவன் தன் சேவையகத்தைச் சுட்டும் சொல்லை ஒரு படிவத்தில் இட்டு, தன் நிரலைப் பிறர் பொறியில் இயக்க வழியேற்பட்டது. அக்குற்றம் பத்துக்குப் பத்து என்னும் உச்சக் கடுமையளவு பெற்றது, 2.16.0 பதிப்பில் அவ்வாயில் இயல்பாகவே அடைக்கப்பட்டது. பிறர் தந்த சொல்லைப் பெயராகக் கொண்டு தேடலாகாது என்பது இதனால் விளங்கும்.

தொகுத்துரைப்பின்: முதற்செய்தியைப் படிக்க; பிழையின் இனம் தெளிக; பெயர்ப்பட்டியலைக் காண்க; எல்லையை ஒப்பிடுக; படிக்கப்பட்ட கோப்பு எதுவெனத் துணிக; ஒருகால் ஒன்றையே மாற்றி, மாற்றியதை எழுதிவைக்க. இவை பொறிக்கு உரைத்தனவாயினும் நமக்கும் பொருந்துவன. சான்று தேடுமுன் ஆளைத் தேடுதல் எளிது. அன்று யாம் அவ்வெளிய வழியிலே சென்றோம். மாணவ நண்பர்கள் அரிய வழியிற் செல்வார்களாக.