கருத்துப் படிவம் புகார் ஆகாது

கார் கிளப் பயணம் முடியும் இடத்தில் ஒரு தாளைக் கையில் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படிவம் வரும். சாப்பாடு எப்படி, தங்குமிடம் எப்படி, கழிப்பறை எப்படி என்று கேட்டு ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொல்வார்கள். பெரும்பாலோர் நாலு போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். இரவு முழுக்க வயிற்றுப்போக்கோடு தவித்தவர் இரண்டு போடுவார். குழுவில் இரண்டு நாள் சூடாகப் பேச்சு நடக்கும். ‘அடுத்த தடவை பார்த்துக்கொள்கிறோம்’ என்று அமைப்பாளர் சொல்வார், விஷயம் அதோடு ஆறிப்போகும்.

பணம் கட்டி வந்தவருக்குச் சட்டம் கொடுத்திருக்கும் இடம் இதைவிடப் பெரியது. மதுரையை அடுத்த திருமங்கலத்திலிருந்து தே.கல்லுப்பட்டி வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் கடந்து செங்கோட்டை, கொல்லம் போகும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, கூட்டாக வண்டி ஓட்டிச் செல்ல விரும்புகிறவர்களுக்கு வாகான பாதை. ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வருகிறது. ஆண்டாள் கோயில், பால்கோவா, அய்யனார் அருவி, சற்றுத் தள்ளிக் குற்றாலம் என்று நிறுத்த இடங்கள் உண்டு. இப்படிப்பட்ட பயணங்களுக்குப் பதிவுக் கட்டணம் வாங்குகிறார்கள். காலை டிபன், மதியச் சாப்பாடு, தங்கும் அறை எல்லாம் அந்தக் கட்டணத்துக்குள் அடக்கம். அந்தப் பணத்தைக் கட்டிய நிமிடத்திலேயே நீங்கள் விருந்தாளி என்ற நிலையிலிருந்து நுகர்வோர் என்ற நிலைக்கு வந்துவிடுகிறீர்கள்.

2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, ‘சேவைக் குறைபாடு’ என்பதை விரிவாகவே வரையறுக்கிறது. சட்டப்படி இருக்க வேண்டிய தரமோ, ஒப்பந்தப்படி தருவதாகச் சொன்ன தரமோ குறைந்தால் அது குறைபாடு. தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைத்தாலும் குறைபாடு. பணத்தை வாங்கியது நிறுவனமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. பதிவு செய்யப்படாத நண்பர்கள் குழுவாக இருந்தாலும், ‘நபர்களின் கூட்டமைப்பு’ என்ற முறையில் அதுவும் பதில் சொல்லியாக வேண்டும். ‘நாங்கள் கிளப்தான், கேட்டரிங்காரர் செய்த தப்பு’ என்று ஒதுங்கிக்கொள்ள முடியாது. புகாரில் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்கலாம்.

தமிழ்நாட்டில் இந்த விஷயம் ஊரறியப் பேசப்பட்டது 2023 செப்டம்பர் 10 அன்று. சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் பனையூரை அடுத்த இடத்தில் ஏ.ஆர்.ரகுமானின் ‘மறக்குமா நெஞ்சம்’ இசை நிகழ்ச்சி நடந்தது. டிக்கெட் வாங்கியவர்கள் பலரால் உள்ளே போக முடியவில்லை. நெரிசலில் பெண்களும் குழந்தைகளும் தவித்தார்கள். நிகழ்ச்சியை நடத்திய நிறுவனம் பொறுப்பேற்று மன்னிப்புக் கேட்டது. உள்ளே போக முடியாதவர்கள் டிக்கெட் நகலை மின்னஞ்சலில் அனுப்பும்படி ரகுமானே கேட்டுக்கொண்டார், பணத்தைத் திருப்பித் தரும் வேலையும் நடந்தது. அங்கே பலரும் டிக்கெட்டை வைத்திருந்தார்கள், அன்றைய நெரிசலைப் படம் எடுத்திருந்தார்கள். குறை சொல்ல வாயும், காட்டக் கையில் ஆதாரமும் இருந்ததால்தான் பேச்சு எடுபட்டது. முப்பது கார் போகும் ஒரு பயணத்திலும் வழி இதுதான்.

ஆகவே உங்கள் உரிமை, படிவத்தை நிரப்பும் நாளில் தொடங்குவதில்லை, பணம் கட்டும் நாளில் தொடங்குகிறது. அழைப்பிதழில் ‘சுத்தமான கழிப்பறை வசதி’ என்று போட்டிருந்தால் அது வாக்குறுதி. போடாவிட்டால் நீங்களே எழுதிக் கேளுங்கள்: வண்டிகளை நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை உண்டா, சாப்பாடு யார் சமைக்கிறார்கள், அவர்களுடைய உணவுப் பாதுகாப்பு உரிம எண் என்ன? வாட்ஸ்அப்பில் வரும் பதில்கூட எழுத்துப்பூர்வமான ஆதாரம்தான். அந்த உரையாடலில் தானாக அழியும் வசதியை மட்டும் நிறுத்தி வையுங்கள்.

கழிப்பறையைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். படிவத்தில் அதற்கு ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. ஆனால் நெடுஞ்சாலையில் போகும் பெண்களுக்கு நாள் முழுவதும் அதுதான் கவலை. வழியில் போக இடம் இருக்காதென்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வரும் பெண்கள் நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறார்கள். வெயிலில் உடம்பு வற்றிப்போவதும் சிறுநீர்த் தொற்று வருவதும் அதன் பின்விளைவுகள். சர்க்கரை நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் இதே கஷ்டம்தான். இதை ‘சின்ன அசௌகரியம்’ என்று தள்ளிவிடும் அமைப்பாளர், நடுக்காட்டில் டயர் பஞ்சரானால் அப்படிச் சொல்வாரா? பெட்ரோல் பங்குகளில் குடிநீர், கழிப்பறை, டயருக்குக் காற்று ஆகியவற்றை இலவசமாகத் தர வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்கள் வகுத்திருக்கும் விதி. பூட்டிக் கிடந்தாலோ நாறிக் கிடந்தாலோ அங்கேயே புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி எழுதலாம்.

இனி சாப்பாடு. உண்மையான ஆபத்து இங்கேதான். காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பொங்கல், மதியம் ராஜபாளையத்தில் பிரியாணிப் பொட்டலம், மாலையில் வழியோரக் கடையில் பஜ்ஜி என்று ஒரே நாளில் மூன்று கை மாறிச் சாப்பிடுகிறோம். இரவு வாந்தி எடுத்தால் கடைசியாகச் சாப்பிட்ட பஜ்ஜியின் மேல் பழி விழும். பல நேரம் அது தவறான தீர்ப்பு. சமைத்த சோற்றை வெளியே ஆறவிட்டு வைத்தால் வளரும் பேசில்லஸ் கிருமியின் நஞ்சும், சமைத்தவர் கைப்புண்ணிலிருந்து வரும் ஸ்டாபிலோகாக்கஸ் நஞ்சும் அரை மணியிலிருந்து ஆறு, எட்டு மணி நேரத்துக்குள் வாந்தியைக் கொண்டுவந்துவிடும். பெரிய அண்டாவில் சமைத்து மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே வைத்திருக்கும் குழம்பிலும் கறியிலும் பெருகும் கிளாஸ்ட்ரிடியம் வயிற்றை இறுக்கிப் பிடிக்க 6 முதல் 24 மணி நேரம் ஆகும். சால்மோனெல்லா சில நாள்கூடத் தள்ளி வரும். அசுத்தத் தண்ணீரால் வரும் டைபாய்டும் மஞ்சள் காமாலையும் வாரக்கணக்கில் கழித்தே தெரியும். எதை எந்த நேரம் சாப்பிட்டோம், எந்த நேரம் அறிகுறி வந்தது, யார் யாருக்கு வந்தது, அதே பந்தியில் சாப்பிட்டும் வராதவர் யார் என்பதை அன்றே எழுதி வைத்தால் எந்தச் சாப்பாடு காரணம் என்று மருத்துவரும் அதிகாரியும் கண்டுபிடிக்க முடியும். ரசீதுகளை இரண்டு மாதமாவது தூக்கிப் போடாதீர்கள்.

சூடான உணவை 60 டிகிரி செல்சியஸுக்கு மேலும், குளிர்ந்த உணவை 5 டிகிரிக்குக் கீழும் வைத்திருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. காலை எட்டு மணிக்குக் கட்டிய பொட்டலத்தை, வெயிலில் நிற்கும் வேனில் வைத்திருந்து இரண்டு மணிக்குக் கொடுத்தால் அந்த விதி எப்படிக் காப்பாற்றப்படும்? வாங்கும்போது கையில் சூடு தெரியாத சோறென்றால் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை.

ஒருவேளை நோய் வந்தே விட்டால் முதலில் உடம்பு, பிறகுதான் வழக்கு. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். மருந்துக்கடையில் உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கிடைத்தால் இன்னும் நல்லது. குழந்தை, கர்ப்பிணி, முதியவர் என்றாலும், மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் குறைவது என்றாலும் காத்திருக்கக் கூடாது. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன, 108 வண்டி இருக்கிறது. ஓ.பி. சீட்டில் ‘இன்ன நேரம் இன்ன உணவு சாப்பிட்ட பின்’ என்று எழுதச் சொல்லுங்கள். பின்னால் மற்ற எந்தக் காகிதத்தையும்விட அந்த ஒரு வரி உங்களுக்குத் துணைநிற்கும்.

உணவுப் பாதுகாப்புத் துறைக்கான புகாரை அன்றைக்கே செய்துவிட வேண்டும். தமிழ்நாடு முழுவதற்கும் வாட்ஸ்அப் எண் 94440 42322. இடம், நேரம், படம், பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை ஆகியவற்றை அனுப்பினால் அது மாவட்ட நியமன அலுவலருக்குப் போய்ச் சேரும். நீங்கள் டப்பாவில் எடுத்து வைத்த மிச்சத்தைவிட, அதிகாரி முறைப்படி முத்திரையிட்டு எடுக்கும் மாதிரிக்கே வழக்கில் எடை அதிகம். அண்டாவைக் கழுவிக் கவிழ்த்த பிறகு வந்து அவர் எதை எடுப்பார்? அதனால்தான் அவசரம். பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் சொல்கிறது. உணவால் உடல்நலம் கெட்டால் 1 லட்சம் ரூபாய் வரை, கடும் பாதிப்பென்றால் 3 லட்சம் வரை, உயிரிழப்பென்றால் 5 லட்சத்துக்குக் குறையாமல் இழப்பீடு வழங்கச் செய்ய அதே சட்டத்தின் 65ஆம் பிரிவு இடம் தருகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்கு வந்து அன்னதானத்தில் சாப்பிடும் கூட்டத்துக்கும் சேர்த்து ஒன்று சொல்கிறேன். இலவசமாகக் கிடைத்த சேவைக்கு நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட முடியாது. ஆனால் உணவுப் பாதுகாப்புச் சட்டம் லாப நோக்கமுள்ளது, இல்லாதது என்று பிரித்துப் பார்ப்பதில்லை. அன்னதானப் பந்தலும் அதன் வரம்புக்குள்தான் வருகிறது. புண்ணியத்துக்குப் போடும் சோறும் கெடாமல் இருக்க வேண்டும்.

தண்ணீர் பாட்டிலுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் கடையில் கேட்டால் அது எடையளவுச் சட்டப்படி குற்றம். உட்காரவைத்துப் பரிமாறும் ஓட்டல்களுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டென்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்திருக்கிறது. பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர், எனவே பெயரை மட்டும் ஒட்டிய சரக்கும் சாலையோரத்தில் கிடைக்கும். பெட்டியில் தயாரித்த தேதியும், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) உரிம எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 2022 தொடக்கத்திலிருந்து உணவகங்களின் பில்லிலும் அந்த எண் இருக்க வேண்டும்.

‘என் சொந்தப் பொறுப்பில் வருகிறேன், எதற்கும் அமைப்பாளர் பொறுப்பல்ல’ என்று பதிவின்போது ஒரு கையெழுத்து வாங்குவார்கள். வண்டி ஓட்டுவதில் உள்ள அபாயத்தை நீங்கள் ஏற்றுக்கொண்டதாக அதற்குப் பொருள் சொல்லலாம். கெட்டுப்போன சோற்றைச் சாப்பிடவும் சம்மதித்தீர்கள் என்று அர்த்தமில்லை. நுகர்வோரின் உரிமையை ஒருதலைப்பட்சமாகப் பறிக்கும் நிபந்தனையை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்றே 2019 சட்டம் பார்க்கிறது. அது செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும் இருக்கிறது. குறைபாடுள்ள சேவைக்கான பணத்தைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள்ளும், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள்ளும் திருப்பித் தர மறுப்பதும் முறையற்ற வணிக நடைமுறைதான்.

முதலில் அமைப்பாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். என்ன சொன்னீர்கள், என்ன கிடைத்தது, எனக்கு என்ன வேண்டும், எத்தனை நாளில் வேண்டும் என்பது போதும். மின்னஞ்சலோடு விரைவு அஞ்சலிலும் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். குழுவில் எழுதும்போது நடந்ததை மட்டும் எழுதுங்கள். ‘திருடன்’ என்று ஒரு சொல் விழுந்தால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் அவதூறு வழக்குக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க நேரும். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே சமரசத்துக்கு முயல்வார்கள், கட்டணமில்லை.

அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விருதுநகர் மாவட்டத்துக்கான ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இயங்குகிறது என்பது இந்தப் பகுதிக்காரர்களுக்கு நல்வாய்ப்பு. வெளியூரிலிருந்து வந்தவர்கள் இதற்காக மறுபடியும் இங்கே வர வேண்டியதில்லை, தாங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இணையத்தில் இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். ஒரே பந்தியில் சாப்பிட்டுப் பாதிக்கப்பட்டவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு ஒரே புகாராகச் சேர்ந்தும் கொடுக்கலாம். ஆயிரம் ரூபாய்க்காகத் தனியாளாக அலைய மனம் வராதவர்களுக்கு இது ஏற்ற வழி. காலக்கெடு, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு. வக்கீல் வேண்டும், வசதியில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 எண்ணைக் கூப்பிடலாம். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி கிடைக்கும்.

கிளப் நடத்துகிறவர்களில் பலர் சம்பளமில்லாமல், ஆசையால் உழைப்பவர்கள். அவர்களை மிரட்டுவதற்காக இதையெல்லாம் எழுதவில்லை, அவர்களையும் இந்தச் சட்டங்கள் காப்பாற்றும். உரிம எண் உள்ள கேட்டரிங்காரரோடு, எத்தனை மணிக்குச் சமைத்து எத்தனை மணிக்குள் பரிமாற வேண்டும் என்று எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். பயணத்துக்கு முந்தின வாரம், நிறுத்தப்போகும் ஒவ்வொரு இடத்துக் கழிப்பறையையும் ஒரு பெண் உறுப்பினர் நேரில் போய்ப் பார்த்து வரட்டும். பரிமாறும் ஒவ்வொரு பண்டத்திலும் ஒரு கிண்ணம் எடுத்து, மூடி, நேரம் எழுதி இரண்டு நாள் குளிர்பெட்டியில் வைத்திருங்கள். யாருக்காவது உடம்புக்கு வந்தால் அதிகாரியிடம் காட்ட ஏதாவது இருக்கும். தவறு உங்களுடையதல்ல என்றால் அதைச் சொல்லவும் அந்தக் கிண்ணம் உதவும்.