சினை கெட்ட ஏரி

முதல், சினை என்னும் இலக்கணப் பகுப்பை மாணவர்க்கு விளக்கும்பொழுதெல்லாம், மீனின் முட்டைக்கும் சினை என்னும் பெயர் வழங்குதலை எடுத்துக்காட்டுதல் என் வழக்கம். மரம் முதல், கிளை சினை. முதல் பட்டாற் சினையும் படும் என்பது எவரும் அறிந்தது. ஆயின், முதல் நலமுற்று நிற்கச் சினை மட்டும் கெட்ட வரலாறொன்றை அண்மையிற் படித்தேன். அன்று தொட்டு அப்பாடத்தைப் பழைய மனநிறைவோடு நடத்த என்னால் இயலவில்லை.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பெலூஸ் என்றோர் ஏரி உண்டு. அனல்மின் நிலையமொன்றைக் குளிர்விக்கும் பொருட்டு ஆக்கப்பெற்றது அது. நிலக்கரிச் சாம்பலைத் தேக்கிய குட்டையின் கழிவுநீர் 1974 முதல் 1985 வரை அதனுட் கலந்தது. அந்நீரோடு வந்து சேர்ந்தது செலனியம். இரசாயன நூலார் இதனை முழு உலோகமெனக் கொள்ளார். எனினும், நீரைக் கெடுக்கும் பார உலோகங்களோடு ஒருங்கு வைத்தே இதனைப் பேசுவர்.

ஏரிநீரில் லீற்றர் ஒன்றுக்கு ஏறத்தாழ 10 மைக்கிரோகிராமே இருந்தது. கண்ணுக்கும் நாவுக்கும் புலப்படாத அளவு அது. நீரிலிருந்து அதனை நுண்பாசி ஏற்றது. பாசியைச் சிற்றுயிர்கள் உண்டன. அவற்றை மீன்கள் உண்டன. மீனின் உடலிலோ அது நீரில் இருந்ததினும் பன்னூறு மடங்கு செறிந்தது. புரதத்திற் கந்தகம் இருக்கவேண்டிய இடத்தே செலனியம் புகுந்து, அப்புரதத்தோடு முட்டையின் மஞ்சட்கருவை அடைந்தது. பொரித்த குஞ்சு அம்மஞ்சட்கருவை உண்டு வளரத் தலைப்பட்டபோது முதுகெலும்பு வளைந்தது, உடல் நீர்கோத்து வீங்கியது, உயிர் பிரிந்தது. தாய் கட்டிக்கொடுத்த சோறே நஞ்சாயிற்று.

இவ்வாறு 20 மீனினங்களுள் 19 இனங்களின் பெருக்கம் அற்றுப்போயிற்று. இந்நஞ்சின் கொடுமை யாதெனில், வளர்ந்த மீன்கள் நோயற்றனபோல் நீந்தித் திரியும்பொழுதே குலம் அறுந்துவிடுதலாம். கழிவுநீர் நிறுத்தப்பட்டுப் பத்தாண்டு கழிந்த பின்னரும் ஊனமுற்ற குஞ்சுகள் அங்கே காணப்பட்டன. அடிவண்டலிற் படிந்த நஞ்சு உணவுவழியே மீண்டும் மீண்டும் ஏறிவந்தது.

“குளத்தில் மீன் துள்ளுகின்றதே; நீருக்கு என்ன குறை?” என்று நாம் எளிதாகக் கூறிவிடுகின்றோம். துள்ளும் மீனைக் கண்டு நீரின் நலத்தைத் துணிதல் போதாது. அதன் சினை பொரித்ததா, பொரித்த குஞ்சு நேராக நீந்திற்றா என்பதையும் கேட்டறிதல் வேண்டும். இனி, சினை என்னும் பாடத்தை நடத்தும்பொழுது இக்கேள்வியையும் என் மாணவர்க்குச் சேர்த்தே சொல்லுவேன்.